பயோஃபயர் மூளைக்காய்ச்சல் பேனல்: ஒட்டுண்ணியைத் தேடும்போது இது எவ்வளவு தூரம் வரும்?

முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரில் 14 கிருமிகளை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தேடிச் சொல்லும் சோதனை இது. முழுப்பெயர் பயோஃபயர் ஃபிலிம்அரே மெனிஞ்சைட்டிஸ்-என்செஃபலைட்டிஸ் பேனல். பயோமெரியூ குழுமத்தின் தயாரிப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015 அக்டோபரில் இதற்கு அனுமதி கொடுத்தது. இந்த வகைப் பேனல்கள் சிங்கப்பூர் ஆய்வகங்களிலும் புழங்குகின்றன. அவசரப் பிரிவில் காய்ச்சலும் கழுத்து இறுக்கமுமாக ஒருவர் வந்தால் டாக்டர் முதலில் கேட்பவற்றில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

பாக்டீரியா, வைரஸ் பக்கம் இது நல்ல கருவி. ஒட்டுண்ணி பக்கம் இதற்குக் கண்ணே இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நிறுவனமே அந்த வேலைக்கென்று இதை விற்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 14 வரியிலும் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்ததும், ‘தொற்று எதுவும் இல்லையாம்’ என்று வார்டில் பேச்சு மாறிவிடுகிறது. அந்த இடத்தில்தான் நோயாளிக்கு ஆபத்து. அதனால் இந்த மதிப்பீடு முழுக்க அந்த ஒரு கோணத்தில்தான் போகிறது.

பட்டியலில் என்ன இருக்கிறது? பாக்டீரியா ஆறு: ஈ. கோலை கே1, ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே, லிஸ்டீரியா, மெனிஞ்சோகாக்கஸ், குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நியூமோகாக்கஸ். வைரஸ் ஏழு: சைட்டோமெகலோவைரஸ், என்டரோவைரஸ், ஹெர்ப்பிஸ் 1, ஹெர்ப்பிஸ் 2, மனித ஹெர்ப்பிஸ் 6, பரேக்கோவைரஸ், சின்னம்மை வைரஸான வேரிசெல்லா. பூஞ்சை ஒன்று: கிரிப்டோகாக்கஸ். அவ்வளவுதான்.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இதில் இருப்பது இந்த ஊருக்குப் பெரிய லாபம். 2015இல் கஞ்சியோடு பரிமாறிய பச்சை மீனிலிருந்து அந்தக் கிருமி பரவி, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெரியவர்களுக்கே மூளைக்காய்ச்சல் வந்ததும், அதே ஆண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைப்பது உயிர் காக்கும் விஷயம்.

பட்டியலில் இல்லாதவற்றையும் பாருங்கள். காசநோய் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இல்லை. 1999இல் இங்குள்ள பன்றி வதைகூட ஊழியர்கள் 11 பேரைத் தாக்கி ஒருவரைப் பலிகொண்ட நிப்பா இல்லை. ஒட்டுண்ணிகளில் ஒன்றுகூட இல்லை: எலி நுரையீரல் புழு, நாடாப்புழு நீர்க்கட்டி, நெக்லேரியா அமீபா, டாக்ஸோபிளாஸ்மா எதுவுமே இல்லை.

சோதனை நடக்கும் விதம் எளிது. உறைய வைத்து உலர்த்திய வேதிப்பொருள்கள் அடங்கிய ஒரு தட்டைப் பை. அதில் முதலில் நீரூட்டும் கரைசலைச் செலுத்த வேண்டும். பிறகு 0.2 மில்லிலிட்டர் தண்டுவட நீரை மாதிரிக் கரைசலோடு கலந்து அடுத்த துளையில் செலுத்த வேண்டும். கைவேலை இரண்டு மூன்று நிமிடம். உள்ளே இரண்டு கட்டப் பிசிஆர் ஓடி, கடைசியில் உருகு வளைவை, அதாவது பெருக்கிய மரபணுத் துண்டு எந்த வெப்பத்தில் பிரிகிறது என்பதைப் பார்த்து முடிவு சொல்லும். பைக்குள்ளேயே இரண்டு கட்டுப்பாட்டுச் சோதனைகள் உண்டு. அவற்றில் ஒன்று தவறினாலும் ‘செல்லாது’ என்று வரும், புதுப் பையில் மறுபடி ஓட்ட வேண்டும். ஓட்டுபவர் முகக்கவசம் இல்லாமல் திறந்த மேசையில் இதைச் செய்யக்கூடாது. தொண்டையில் சும்மா வாழும் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்றவை மூச்சுக்காற்றோடு மாதிரிக்குள் விழுந்தால் பொய்யான ‘இருக்கிறது’ வந்துவிடும்.

துல்லியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் வெளியான பன்மைய ஆய்வு 1,560 மாதிரிகளைச் சோதித்துப் பொதுவாக நல்ல மதிப்பெண் கொடுத்தது. பிறகு வந்த அனுபவத்தில் இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. ஹெர்ப்பிஸ் 1 நோயின் முதல் நாட்களில் தப்பிவிடலாம். எம்ஆர்ஐயும் அறிகுறியும் அதைச் சொன்னால் வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாமல், சில நாள் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கிரிப்டோகாக்கஸும் தப்பும், அதற்கு ஆன்டிஜென் சோதனைதான் நம்பகம். எச்ஐவி உள்ளவருக்கு இந்தப் பேனலை மட்டும் வைத்து அந்தப் பூஞ்சை இல்லை என்று சொல்லவே கூடாது.

இனி ஒட்டுண்ணிக்கு வருவோம். இங்கே பேனலைவிட நூறு மடங்கு வேலை செய்வது பழைய முறை: அழுத்தம், அணுக்களின் எண்ணிக்கை, அணுக்களின் வகை, புரதம், குளுக்கோஸ். இயல்பு நிலையில் ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 5க்கு மேல் இருக்காது. புரதம் லிட்டருக்கு 0.15 முதல் 0.45 கிராம், குளுக்கோஸ் ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் நீர் எடுக்கும் நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையும் எடுத்தாக வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு ரத்தத்தில் 15 மில்லிமோல் இருக்கும்போது தண்டுவட நீரில் 4 என்று வந்தால் எண் இயல்பாகத் தெரியும். உண்மையில் அது குறைவு. நம் மக்களிடம் நீரிழிவு எவ்வளவு என்பது தெரிந்ததுதானே, இந்தப் பிசகு அடிக்கடி நடக்கக்கூடியது.

அணுக்களின் வகையில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. பரவலாகப் புழங்கும் சிஸ்மெக்ஸ் எக்ஸ்என் போன்ற தானியங்கிக் கருவிகள், தண்டுவட நீரில் உள்ள வெள்ளணுக்களை மோனோநியூக்ளியர் (ஒற்றை உட்கரு கொண்டவை), பாலிமார்ஃப் (துண்டான உட்கரு கொண்டவை, பெரும்பாலும் நியூட்ரோஃபில்) என்று இரண்டாகப் பிரித்துத்தான் வழக்கமான ரிப்போர்ட்டில் தரும். ஒட்டுண்ணித் தொற்றில் கூடும் வெள்ளணு வகையான ஈசினோஃபிலும் துண்டான உட்கரு கொண்டது என்பதால் பாலிமார்ஃப் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். நியூபவர் கட்டம் என்னும் கோடு போட்ட கண்ணாடித் தட்டில் சாயமில்லாமல் கையால் எண்ணினாலும் இதே கதைதான். பாக்டீரியாவைத் தேடப் போடும் கிராம் சாயத்தில் பார்த்தாலும் ஈசினோஃபில், நியூட்ரோஃபில் போலவே தெரியும்.

இப்படி ஒரு ரிப்போர்ட் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளணு 480, பாலிமார்ஃப் 55 சதவீதம், புரதம் 0.9, குளுக்கோஸ் இயல்பு, கிராம் சாயத்தில் கிருமி இல்லை, பேனலில் 14ம் இல்லை. பார்த்தவர் என்ன நினைப்பார்? ‘வெளியே ஆன்டிபயாட்டிக் போட்டுவிட்டு வந்திருக்கிறார், பாதி குணமான பாக்டீரியா மூளைக்காய்ச்சல்’ என்று நினைத்து செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாட்டிக்கைத் தொடர்வார். அதே நீரைச் சைட்டோஸ்பின்னில், அதாவது அணுக்களை ஸ்லைடில் படிய வைக்கும் கருவியில், சுழற்றி ஜீம்ஸா சாயம் போட்டால் படம் மாறும். இரண்டு மடலாகப் பிரிந்த உட்கரு, அதைச் சுற்றி ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பில் தடித்த மணிகள் நெருக்கமாக நிரம்பிய அணுக்கள். அவை ஈசினோஃபில்கள். மைக்ரோலிட்டருக்கு 10 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மொத்த வெள்ளணுவில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ அது ஈசினோஃபிலிக் மூளைக்காய்ச்சல். நோயின் பெயரே மாறிவிட்டது, மருந்தும் மாறும்.

எனவே பேனலைக் கேட்கும் அதே படிவத்தில் ‘சைட்டோஸ்பின், ஜீம்ஸா அல்லது ரைட் சாயம், ஈசினோஃபில் தனியாக எண்ணவும்’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பல இடங்களில் செய்ய மாட்டார்கள். ஆய்வகத்துக்குப் போன் போட்டுச் சொல்வது இன்னும் நல்லது.

தென்கிழக்காசியாவில் இந்தப் படத்துக்கு முதல் காரணம் ஆஞ்சியோஸ்ட்ராஞ்சிலஸ் கான்டோனென்சிஸ் என்னும் எலி நுரையீரல் புழு. எலியின் எச்சத்தில் வெளிவரும் இளம்புழுவை நத்தையும் ஓடில்லா நத்தையும் வாங்கிக்கொள்கின்றன. சிங்கப்பூரில் மழைக்குப் பின் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்ச் செடிகளில் ஊரும் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் இந்தப் புழு இடையில் தங்கி வளர ஏற்ற உயிர்தான். சரியாக வேகாத நத்தை, நன்னீர் இறால், தவளை, உடும்பு, சரியாகக் கழுவாத கீரை ஆகியவை வழியாக மனிதருக்குள் வரும். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் தலைவலி, தோலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு. காய்ச்சல் லேசாக இருக்கும், இல்லாமலும் இருக்கும். தண்டுவட நீரில் வெள்ளணு பொதுவாக 150 முதல் 2,000, புரதம் கூடும், குளுக்கோஸ் பெரும்பாலும் இயல்பு, அழுத்தம் ஏறியிருக்கும். புழுவே நீரில் கண்ணில் படுவது மிக அரிது. நோயின் தொடக்க நாட்களில் ஈசினோஃபில் இல்லாமலும் இருக்கலாம் என்பதால், சந்தேகம் வலுவாக இருந்தால் சில நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். ஸ்டீராய்டு தலைவலி நாட்களைக் குறைக்கிறது. அழுத்தம் ஏறும்போது நீரை மறுபடி எடுப்பதே பலருக்கு உடனடி நிவாரணம். அதனால் முதல் ஊசியிலேயே திறப்பழுத்தத்தை, அதாவது ஊசி உள்ளே போனதும் நீர் காட்டும் அழுத்தத்தை, அளந்து எழுதிவைக்க வேண்டும். நோயாளி பக்கவாட்டில் படுத்த நிலையில் நீர்மட்ட அளவில் 25 சென்டிமீட்டருக்கு மேல் போனால் உயர்வு. உட்கார்ந்த நிலையில் எடுத்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

தாய்லாந்துப் பயணமும் பச்சை நன்னீர் மீனும் பேச்சில் வந்தால் நேத்தோஸ்டோமா என்னும் இன்னொரு புழுவையும் நினைக்க வேண்டும். இதிலும் ஈசினோஃபில் வரும், ஆனால் புழு மூளைக்குள் வழி தோண்டிக்கொண்டு போவதால் ரத்தம் கசிந்து நீர் மஞ்சளாகவோ ரத்தமாகவோ வெளிவரும். நரம்பு வேரில் தாங்க முடியாத வலி இதன் அடையாளம்.

ஈசினோஃபில் தெரிந்தாலே புழு என்று முடிவு கட்டவும் கூடாது. மூளையில் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தவர்கள், சில மருந்துகள், லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று, காசநோய், சில பூஞ்சைகள் இவற்றிலும் வரும். ஊசி ரத்தக்குழாயைக் குத்தியிருந்தால் ரத்தத்து ஈசினோஃபிலும் கலந்திருக்கும்; 500 முதல் 1,000 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்று கழித்துப் பார்க்க வேண்டும்.

அமீபா வேறு கதை. நெக்லேரியா ஃபவ்லரி, நன்னீர் மூக்கில் ஏறிய 1 முதல் 12 நாளுக்குள் தாக்கும். கேரளத்தில் 2024லும் 2025லும் நிறையப் பேருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலும் பயம் பரவியது. ஊருக்குப் போய்க் குளத்திலும் கிணற்றிலும் குளித்துவிட்டு வரும் குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதால் இது நம் கேள்வியும்தான். நெக்லேரியாவின் நீர் பாக்டீரியா மூளைக்காய்ச்சலை அச்சாகக் காட்டும்: நியூட்ரோஃபில் ஆயிரக்கணக்கில், புரதம் உயர்வு, குளுக்கோஸ் தாழ்வு, கூடவே சிவப்பணு. கிராம் சாயத்தில் பாக்டீரியா இல்லை, பேனலிலும் இல்லை. சீழ் போன்ற நீர், ஆனால் கிருமி எதுவும் சிக்கவில்லை என்றால் உடனே ஈர ஸ்லைடு, அதாவது உலர்த்தாமல் சாயமிடாமல் பார்க்கும் ஸ்லைடு, போட வேண்டும்.

இங்கேதான் பேனலின் வசதியே எதிரியாகிறது. பேனலுக்கு நீரை அறை வெப்பத்தில் ஒரு நாள், குளிர்சாதனப் பெட்டியில் ஏழு நாள் வரை வைக்கலாம், மையவிலக்கியில் சுற்றக்கூடாது. அமீபாவுக்கு இதற்கு நேர்மாறு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது அசைவை நிறுத்திவிடும், அசையாத அமீபா பெரிய வெள்ளணு போலவே தெரியும். நீரை அறை வெப்பத்திலேயே வைத்து, எடுத்த சூட்டோடு ஆய்வகத்துக்கு ஓட வேண்டும். மெதுவான வேகத்தில், ஏறக்குறைய 150 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 150 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுற்றி, மேலே உள்ள நீரை எடுத்துவிட்டு, அடியில் தங்கியதைக் கொஞ்ச நீரில் கலக்கி, கவர்ஸ்லிப் போட்டு, நுண்ணோக்கியின் ஒளி குவிக்கும் கண்டென்சரைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். ஸ்லைடை இளஞ்சூட்டில் வைத்தால் அசைவு கூடும். 10 முதல் 35 மைக்ரான் அளவில், ஒரு பக்கம் கண்ணாடி போன்ற மொட்டு ஒன்று பிதுங்கி, உடல் அதற்குள் வழிந்து போவது போல நகரும். சாயம் போட்டால் உட்கருவின் நடுவில் பெரிய கருமணியும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் தெரியும். மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய வெள்ளணு இப்படி இடம் விட்டு இடம் போகாது. சந்தேகமாக இருந்தாலும் காத்திருக்க நேரமில்லை. பார்த்தவர் அப்போதே டாக்டரைப் போனில் அழைக்க வேண்டும், மில்டெஃபோசின் உட்பட பல மருந்துகளை ஒருசேரத் தொடங்க வேண்டிய நோய் இது.

அகாந்தமீபா, பாலமூத்தியா என்னும் வேறு இரண்டு அமீபாக்களும் மெதுவானவை, வாரக்கணக்கில் இழுக்கும். நீரில் லிம்ஃபோசைட் என்னும் ஒற்றை உட்கரு வெள்ளணு கூடும், அமீபா கண்ணில் படாது. திசு எடுத்துத்தான் பெரும்பாலும் தெரியவரும்.

நேரக் கணக்கு எல்லாருக்கும் பொது. எடுத்து வைத்த நீரில் நியூட்ரோஃபில் சீக்கிரம் சிதைகிறது: அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் பாதியும் காணாமல் போகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பலாம் என்று வைத்த குழாயில் எண்ணிய எண்ணிக்கை நோயாளியுடையது அல்ல.

இந்தியா, நேப்பாளம், மியன்மார் போன்ற இடங்களிலிருந்து வந்து இங்கே விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால் நாடாப்புழு நீர்க்கட்டியை நினைப்பது சரி. ஆனால் அங்கே தண்டுவட நீர் முதல் படி அல்ல. முதலில் சிடி அல்லது எம்ஆர்ஐ. மூளைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது முதுகில் நீர் எடுத்தால் மூளை கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மூளைத் திசுவுக்குள் ஒன்றிரண்டு கட்டி மட்டும் இருந்தால் நீர் முழுக்க இயல்பாகவே வரலாம். அந்த இயல்பான ரிப்போர்ட் நோய் இல்லை என்று ஆகாது. மூளையுறைக்கு அடியில் கொத்தாகப் படர்ந்த வகையில்தான் நீர் மாறும்: லிம்ஃபோசைட் கூடும், புரதம் ஏறும், குளுக்கோஸ் இறங்கும், சிலருக்கு ஈசினோஃபிலும் இருக்கும். இது காசநோய் மூளைக்காய்ச்சலை அப்படியே ஒத்திருப்பதால் இரண்டும் குழம்பும், பேனலில் இரண்டுமே இல்லை. இந்த நோய்க்கு ரத்தத்தில் செய்யும் இம்யூனோபிளாட் என்னும் எதிர்ப்புப்பொருள் சோதனை, தண்டுவட நீரில் செய்வதைவிட நன்றாகப் பிடிக்கிறது; ஒரே ஒரு கட்டி உள்ளவரிடம் அதுவும் தவறலாம்.

‘நாங்கள் பன்றி இறைச்சியைத் தொடுவதே இல்லை’ என்று சைவக் குடும்பங்கள் சொல்வதுண்டு. மூளையில் கட்டி வருவது இறைச்சியிலிருந்து அல்ல. நாடாப்புழு வயிற்றில் உள்ள ஒருவரின் மலத்திலிருந்து வரும் முட்டை, கழுவாத கை வழியாகச் சாப்பாட்டில் சேர்வதால் வருகிறது. சமைத்துத் தருபவரிடம் இருந்தால் போதும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பன்றி உண்ணாத யூதக் குடும்பங்களில் இதே வழியில் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

டாக்ஸோபிளாஸ்மாவுக்கு நீரில் தனி பிசிஆர் உண்டு. இருக்கிறது என்றால் நம்பலாம், ஆனால் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ‘இல்லை’ என்று தவறாகச் சொல்லும். மூளை மலேரியாவில் நீர் பெரும்பாலும் இயல்பு. விடை விரல் நுனி ரத்தத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் 1982இலேயே மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றிருந்தாலும், காய்ச்சலோடு சுயநினைவு குன்றி வருபவரிடம் பயணக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

குழாய்களைப் பிரிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரியவர்களின் உடலில் 125 முதல் 150 மில்லிலிட்டர் தண்டுவட நீர் உண்டு, மணிக்கு 20 மில்லிலிட்டர் அளவில் புதிதாக ஊறுகிறது. 10 மில்லிலிட்டர் எடுத்தாலும் அரை மணி நேரத்தில் ஈடாகிவிடும். மூன்று மில்லிலிட்டர் எடுத்துவிட்டு அதை ஏழு சோதனைக்குப் பிய்த்துக் கொடுப்பதால்தான் கடைசியில் ஒட்டுண்ணிக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. முதல் குழாய் புரதம், குளுக்கோஸுக்கு. இரண்டாவது கல்ச்சருக்கும் பேனலுக்கும். மூன்றாவது அணு எண்ணிக்கைக்கும் சைட்டோஸ்பின்னுக்கும். நான்காவது ஒட்டுண்ணிக்கு, எதுவும் கலக்காத மலட்டுக் குழாயில், அறை வெப்பத்தில். பேனலுக்கு 0.2 மில்லிலிட்டர் போதும் என்பது இதன் பெரிய நல்ல குணம். குழந்தைகளிடம் கொஞ்சமே கிடைக்கும்போதும் மற்றதற்கு இடம் விடுகிறது.

வாங்கலாமா என்று ஆய்வகம் நடத்துபவர் கேட்டால், வாங்கலாம். குடும்பத்தார் கேட்டால், டாக்டர் பரிந்துரைத்தால் மறுக்க வேண்டாம். கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மானியம் கிடைக்குமா என்பது வார்டைப் பொறுத்தது. ஆனால் ரிப்போர்ட் வந்ததும் இந்த மூன்றைக் கேளுங்கள்: ஈசினோஃபிலைச் சாயம் போட்டு எண்ணினார்களா? நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதற்கு முன் ஈர ஸ்லைடு பார்த்தார்களா? மீதி நீர் உறைநிலையில் பத்திரமாக இருக்கிறதா? நோயாளி சாப்பிட்டது, குளித்தது, போன ஊர் இவற்றைத் தேதியோடு எழுதித் தாதியிடம் கொடுங்கள். நான்கு வாரம் பின்னோக்கிப் போனால் எலி நுரையீரல் புழுவுக்கும் நெக்லேரியாவுக்கும் போதும். நீர்க்கட்டிக்கு ஆண்டுக்கணக்கில் போக வேண்டும்.

மீதி நீரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எலி நுரையீரல் புழுவுக்கான பிசிஆர் எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். பேனல் ஓட்டி மிஞ்சிய மாதிரிக் கலவை அதற்கு உதவாது, கலக்காத தூய நீர்தான் வேண்டும். ஒரு மில்லிலிட்டராவது மைனஸ் 80 டிகிரியில் இருந்தால் அடுத்த வாரமும் சோதிக்கலாம். முதல் மாதிரியில் அந்தப் பிசிஆர் எதையும் காட்டாமல் தலைவலி மட்டும் தொடர்ந்தால், அழுத்தம் குறைக்க அடுத்த முறை எடுக்கும் நீரிலிருந்தும் ஒரு குழாயை அதே சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.